நாலு விரல் சன்னல்

டிசம்பர் 6

என் பெண் இந்துமதியின் போன வருஷத்துக் கெமிஸ்ட்ரி நோட்டில் பின்பாதி வெள்ளையாகக் கிடந்தது. பழைய பேப்பர்காரனுக்குப் போடுவதற்குப் பதில் நான் எடுத்துக்கொண்டேன். இவர் மேட்டுப்பாளையம் மண்டியில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமைதான் மலை ஏறி வருவார். இந்து பள்ளிக்கூடம் போய்விடுகிறாள். மிச்சம் இருப்பது நானும் மாமனாரும். மாமாவோடு பேசுவதைவிட நோட்டோடு பேசுவது மேல். நோட்டு குறுக்கே பேசாது.

இன்று முதல் உறைபனி. கேத்திப் பள்ளத்தாக்கு முழுக்க உப்பைக் கொட்டிப் பரப்பியது போலக் கிடந்தது. வாசல் வாளியில் தண்ணீர் மேல் ஏடு கட்டியிருந்தது. சொம்பால் தட்டி உடைத்துத்தான் மொள்ள வேண்டியிருந்தது. நான் அருப்புக்கோட்டைக்காரி. மிளகாய் வற்றல் காய்வது போல வெயிலில் காய்ந்து வளர்ந்தவள். இங்கே வாழ்க்கைப்பட்டு எத்தனையோ பனி பார்த்தாயிற்று, இன்னும் ஒவ்வொரு டிசம்பரிலும் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன நாளைத் திட்டுகிறேன்.

மாமா கட்டிலில் இருந்தபடியே குரல் கொடுத்துவிட்டார். "பரிமளா, பனி உளுந்துருச்சு. ஆட்டுக்கால் வாங்கியாந்துரு."

முதல் பனி விழுந்தால் சிவராத்திரி வரைக்கும் இந்த வீட்டில் தினம் சூப். மார்கழியில் கறி ஆகாது என்று ஊர் சொல்லும். மாமாவின் நாக்குக்குக் காலண்டர் கிடையாது.

டிசம்பர் 7

கால் வாங்கி வந்து நெருப்பில் வாட்டி, சுரண்டி, கழுவி, மஞ்சள் தடவி வைத்தேன். மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம், ஒரு துண்டு இஞ்சி, மல்லித்தண்டு எல்லாம் தட்டிப் போட்டு மத்தியானம் அடுப்பில் ஏற்றினால் பொழுது சாயும்போதுதான் இறக்க முடியும். குக்கர் கூடாது. "குக்கர் சூப்பு கை கழுவுன தண்ணி" என்பார். டீ பேக்டரியில் டீ மேக்கராக இருந்து ரிடையர் ஆனவர். இலையை மோந்து பார்த்தே எந்தத் தோட்டம் என்று சொல்லுவாராம். அந்த மூக்கு இப்போது என் சமையல் கட்டுக்கு மேஸ்திரி.

சூப் செய்வது பெரிதில்லை, சூட்டோடு வைத்திருப்பதுதான் பெரிது. இந்தக் குளிரில் டம்ளரில் ஊற்றிக் கொஞ்சம் அசந்தால் மேலே கொழுப்பு வெள்ளையாகக் கட்டிவிடும். அதனால் இரும்புச் சட்டியில் கரி மூட்டி, புகை அடங்கி, நன்றாகக் கங்கானதும் அதை மாமா அறைக்குள் கொண்டுபோய், மேலே சூப்புப் பாத்திரத்தை வைத்துவிட வேண்டும். அறையும் சூடாகும், சூப்பும் சூடாக இருக்கும். அவர் வேண்டும்போது எழுந்து ஊற்றிக் குடிப்பார்.

கங்கு உள்ளே போனால் சன்னல் நாலு விரல் திறந்திருக்க வேண்டும். நான் இந்த வீட்டுக்கு வந்ததும் மாமியார் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் இதுதான், பால் காய்ச்சுவதுகூட அப்புறம்தான். கையை மடக்காமல் பக்கவாட்டில் வைத்து அளந்து காட்டினார். மலையில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். மாமாவுக்கு அந்த நாலு விரலும் வேம்பு.

"சாத்து சாத்து, காத்து ஊசியாட்டக் குத்துது."

"அத்தை சொன்னது மாமா. திறந்துதான் இருக்கணும்."

"பேக்டரில முப்பது வருசம் ட்ரையர் அடுப்புகிட்ட நின்னவன் நான். எனக்குத் தெரியாத கங்கா?"

நான் திறந்தே வைத்துவிட்டு வந்தேன். அவர் எழுந்து சாத்தினார். நான் போய்த் திறந்தேன். இது எங்களுக்கு வருஷா வருஷம் நடக்கிற திருவிழா.

டிசம்பர் 10

எதிர்வீட்டு ரோஸ்லின் அக்கா மூச்சிரைக்க வந்தார். குன்னூர் ரோட்டில் ஏதோ ஒரு காட்டேஜில் கீழ்நாட்டிலிருந்து வந்த புருஷனும் பெண்டாட்டியும் தூக்கத்திலேயே போய்விட்டார்களாம். குளிருக்குக் கரி மூட்டிக் கதவு சன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறார்கள்.

"ஒரு சத்தமில்ல, ஒரு போராட்டமில்ல பரிமளா. போர்வைகூட கலையலையாம். தூங்குற மாதிரியே இருந்துருக்காங்க. பாவம், ஊரு வழக்கம் தெரியாத சனங்க."

பாவம்தான். நான் போய் மாமா அறைச் சன்னலைப் பார்த்துவிட்டு வந்தேன். நாலு விரல் இருந்தது.

டிசம்பர் 15, ஞாயிறு

சூப்புப் பாத்திரத்தைக்கூடக் கழுவாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இவர் வந்திருந்தார். சூப்பு குடித்துக்கொண்டே மாமா சாவகாசமாகச் சொன்னார், ஏதோ கோழி வாங்குகிற மாதிரி. இந்துவைச் செல்வகணபதிக்குப் பேசி முடித்துவிட்டாராம். தை பத்தாம் தேதி நிச்சயம். வைகாசியில் அவளுக்குப் பதினெட்டு முடிகிறது, முடிந்த முதல் முகூர்த்தத்தில் கல்யாணம்.

செல்வகணபதி மாமாவின் தங்கை பேரன். பாலாடாவில் கேரட் கழுவுகிற மெஷின் வைத்திருக்கிறான். வயது இருபத்தொன்பது. கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். அவனிடம் கேரட்டைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேச முடியாது என்பதுதான் விஷயம்.

இந்து பிளஸ் டூ படிக்கிறாள். பள்ளியில் முதல் மூன்று பேரில் ஒருத்தி. நாமக்கல்லில் மாட்டு டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று எட்டாவதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். தெரு நாய்க்குக் கால் உடைந்தால்கூடக் குச்சி வைத்துக் கட்டுகிற பெண்.

நான் சொன்னேன், "மாமா, அவ படிக்கணும்னு ஆசைப்படறா. காலேஜ் முடியட்டுமே."

"படிச்சு என்ன, மாட்டுக்கு ஊசி போடறதா? பொட்டப்புள்ள மாட்டு வவுத்துல கையை உட்டுட்டு நிப்பாளா?"

இவரைப் பார்த்தேன். இவர் டம்ளருக்குள் பார்த்தார். "அப்பா யோசிக்காம செய்ய மாட்டாங்க பரிமளா" என்றார். இவருடைய வாயில் அப்பா என்ற சொல்லுக்குப் பின்னால் வேறு சொல் வந்து நான் கேட்டதில்லை.

இந்து அழவில்லை. எழுந்து போய் அவள் புத்தகங்களை அலமாரியில் வரிசையாக அடுக்கினாள். எனக்கும் பதினெட்டில்தான் கட்டி வைத்தார்கள். டீச்சர் டிரெயினிங் சேரப் பணம் கட்டிய ரசீதோடு இந்த மலை ஏறினேன். என் கதை அவளுக்கு வேண்டாம். வேண்டவே வேண்டாம். தலைகீழாக நின்றாவது இதை நிறுத்த வேண்டும்.

டிசம்பர் 16

கோபத்தில் சூப்பில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். மாமா அதையும் குடித்து முடித்துவிட்டார்.

டிசம்பர் 19

மூன்று நாளாக மாமாவிடம் கெஞ்சிப் பார்த்தாயிற்று. கல்லில் நார் உரித்த கதை. இவருக்குப் போன் செய்தால் "ஞாயித்துக்கிழமை பேசிக்கலாம்" என்கிறார். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று சொல்வதில்லை.

ரோஸ்லின் அக்காவிடம் அழுதேன். அவர் ஆறுதலுக்கு ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தவர், நடுவில் அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்து ஆயாவின் பெண்ணைப் பற்றிச் சொன்னார். கல்யாணத்துக்குப் பந்தல்கால் நட்ட பிறகு அந்தப் பெண்ணின் தாத்தா இறந்துவிட்டாராம்.

"உங்க ஆளுங்கள்ல வருசம் திரும்பற வரைக்கும் ஒரு நல்ல காரியமும் கூடாதாமே. அப்படியே நின்னு போச்சு. அந்தப் புள்ள அதுக்குள்ள காலேஜ்ல சேந்து, இப்ப பேங்க்ல வேலை. கடவுள் ஒரு கதவ சாத்துனா இன்னொன்னத் தொறப்பார் பரிமளா."

ஒரு வருஷம். ஜூனில் காலேஜ் திறந்துவிடும். சேர்ந்து, விடுதியில் இடமும் கிடைத்துவிட்ட பெண்ணை இழுத்து வருவது அவ்வளவு சுலபமில்லை.

இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. மல்லித்தண்டு தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

டிசம்பர் 20

சூப்பு நன்றாக வந்தது. மாமா சன்னலைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன்.

டிசம்பர் 21

சாத்தச் சொன்னார். சாத்தினேன். "இப்பத்தான் மருமகளுக்குப் புத்தி வந்துருக்குது" என்று சிரித்தார். பெரியவர்கள் பேச்சைக் கேட்டு நடக்க வேண்டும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்.

டிசம்பர் 24

மாமா காலையில் எழுந்திருக்கவே ஒன்பதாகிவிட்டது. தலை கனக்கிறது என்றார். வாந்தி எடுத்தார். வெளியே வெயிலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன், ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். பனிக்காலத்தில் வயதானவர்களுக்கு வருகிறதுதான்.

பூனை இரண்டு நாளாக அவர் அறைக்குள் போகவில்லை. வழக்கமாகக் கங்குப் பக்கத்தில் சுருண்டு கிடக்கும். இன்று எலும்பைக் காட்டிக் கூப்பிட்டார். வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. அதற்கு என்ன திமிரோ.

டிசம்பர் 27

மறுபடி தலைவலி. இந்துவுக்கு லீவு, அவளும் கூட வந்தாள். டவுனில் டாக்டரிடம் காட்டினோம். பிரஷர் பார்த்தார், நெஞ்சில் வைத்துப் பார்த்தார், ஏதேதோ கேட்டார். குளிர்தான் காரணம் என்று மாத்திரை கொடுத்தார். திரும்பி வருகிற வழியில் மாமா கால் வாங்கச் சொன்னார். மாத்திரையைவிட சூப்பில்தான் அவருக்கு நம்பிக்கை.

டிசம்பர் 28

நான் மிளகு இடித்துக்கொண்டிருந்தேன். இந்து பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, ரூம்ல கரி ஏதாவது போடறீங்களானு டாக்டர் கேட்டாருல்ல. ஏன் இல்லனு சொன்ன?"

"கரி வேற, கங்கு வேற. கங்குல புகை கிடையாது."

"அதுல வர்ற கேஸ் கண்ணுக்குத் தெரியாதும்மா. வாசனையும் இருக்காது. சன்னல் தொறந்து வெச்சாப் போதும்."

"எனக்குப் பாடம் எடுக்காத. போய் உன் பாடத்தப் படி."

என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை அறிவுள்ள பெண்ணைக் கேரட் மெஷினுக்குக் கொடுக்கப் போகிறார்கள். மிளகை மாவாக இடித்துவிட்டேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

இவர் வந்தார். அப்பாவைப் பார்த்துவிட்டு வந்து, "மூஞ்சி நல்லா செவப்பு ஏறியிருக்குது. சூப்பு வேலை செய்யுது பரிமளா" என்றார். முருங்கைக்கீரை ஒரு கட்டு கொண்டு வந்திருந்தார். மலையில் அது கிடைக்காது. நாளைக்குச் சூப்பில் போட வேண்டும்.

நிச்சயத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். தூங்கிவிட்டார். தூங்குவது போல நடித்தார் என்று எழுதுவதே சரி.

ஜனவரி 1

புது வருஷம். இந்துவுக்கு நல்லது நடக்க வேண்டும். அது ஒன்றுதான்.

ஜனவரி 3

சாயங்காலம் சூப்புக் கொண்டுபோனபோது மாமா என்னைச் சரசு என்று கூப்பிட்டார். அது மாமியார் பேர். நான் பரிமளா என்று சொன்னேன். அவருக்குக் கொஞ்ச நேரம் என்னை அடையாளம் தெரியவில்லை. பிறகு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சரசு கைப்பக்குவம் உனக்கு வந்துருச்சு சாமி" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

கல்யாணமான மூன்றாம் வருஷம் எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது கீழாநெல்லி தேடிப் பர்லியார் வரைக்கும் இறங்கிப் போன மனுஷர். அதை மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. சன்னலை நாலு விரல் திறந்தேன். "குளுருதும்மா" என்றார். இன்னொரு கம்பளி எடுத்துப் போர்த்திவிட்டேன். இன்றுதான் ரொம்ப நாளைக்கு அப்புறம் நன்றாகத் தூக்கம் வரும் போலிருக்கிறது.

ஜனவரி 4

மாமா காலையில் தெம்பாக எழுந்து முற்றத்தில் நடந்தார். தலைவலி இல்லை.

ஜனவரி 5, ஞாயிறு

மாமாவின் தங்கை வீட்டார் நிச்சயப் புடவையோடு வந்தார்கள். செல்வகணபதியும் வந்தான். இந்துவை அழைத்து நிறுத்தி, தோளில் புடவையைப் போட்டுப் பார்த்தார்கள். அவன் அம்மா அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எளங்கையா இருக்குது, மெஷின்கிட்ட நின்னா ரெண்டே மாசத்துல காச்சுப் போயிரும்" என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். மாமா எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். தெம்புதான் வந்துவிட்டதே.

இந்து என்னைப் பார்த்தாள். "ஏதாவது செய்யும்மா" என்று வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

வந்தவர்களுக்குச் சூப்புப் போதவில்லை. தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தேன்.

ஜனவரி 6

சன்னலைச் சாத்தினாலும் கீழ்ச்சட்டம் வழியாகக் காற்று வருகிறது என்று மாமா குறைப்பட்டார். இந்துவின் பழைய யூனிபார்ம் ஸ்வெட்டரின் கை ஒன்றைக் கத்தரித்து, சந்தில் வைத்து அடைத்தேன். இப்போது துளி காற்று இல்லை. மாமாவுக்குத் திருப்தி.

ஜனவரி 7

தலைவலி என்றார். மாத்திரை கொடுத்தேன். இந்து இரண்டு தடவை தாத்தா அறைக்குள் போய்ப் போய் வந்தாள். என்ன என்று கேட்டேன். "சும்மா பேசிட்டிருந்தோம்" என்றாள். அவரோடு பேச என்ன இருக்கிறது இவளுக்கு? அந்த அறையில் ரொம்ப நேரம் உட்காராதே, தாத்தாவுக்குச் சளி, ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி வைத்தேன்.

ஜனவரி 8

ரேடியோவில் இன்று பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்றார்கள். மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வருகிறது. கங்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே போட்டேன். சூப்பை மேலே வைத்தேன். மாமா போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார். சன்னல், துணி எல்லாம் சரியாக இருக்கிறது. கதவையும் சாத்தியாயிற்று. இந்துவுக்கு ஸ்பெஷல் கிளாஸ், வர ஆறரை ஆகும். நான் டவுன் வரை போய்விட்டு வருகிறேன். சாமான்கள் நிறைய வாங்க வேண்டியிருக்கிறது. அவசரம் ஒன்றும் இல்லை.

ஜனவரி 11

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

அன்று மார்க்கெட்டில் கடை கடையாக நின்றேன். வேண்டாத பொருளுக்கெல்லாம் விலை கேட்டேன். கடைசியில் பஸ் ஏறினால் மூடுபனியில் அது ஊர்ந்து ஊர்ந்து வந்தது. கேத்தியில் இறங்கும்போது ஆறு ஆகியிருக்கும். இந்துவோடு படிக்கிற பக்கத்து வீட்டுப் பையன்கள் எதிரே ஓடிவந்தார்கள். நீங்கள் எப்படி இங்கே, ஸ்பெஷல் கிளாஸ் இல்லையா என்றேன். குளிர் அதிகம் என்று மூன்றரைக்கே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள் என்றார்கள்.

வீட்டில் விளக்கில்லை. இந்து என்று கூப்பிட்டேன். முன்னறையில் அவள் பை கிடந்தது. மாமா அறைக் கதவு சாத்தியிருந்தது. வாசற்படியில் அவளுடைய செருப்பு ஜோடி, அவள் எப்போதும் விடுகிற மாதிரி நேராக, ஒன்றுக்கொன்று ஒட்டி இருந்தது.

கதவைத் திறந்தேன். கட்டிலில் மாமா. கட்டிலுக்குக் கீழே, கங்குச் சட்டிக்குப் பக்கத்தில் என் பெண். தூங்குகிற மாதிரி. தாத்தாவின் கால்மாட்டில் தலை சாய்ந்திருந்தது. கையில் சூப்பு டம்ளர் கவிழ்ந்து, பாவாடையில் வெள்ளையாகக் கொழுப்புக் கட்டியிருந்தது.

நான் எப்படிக் கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. ரோஸ்லின் அக்கா தெருமுனை வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார். அம்மிக் குழவியை எடுத்துச் சன்னல் கண்ணாடியில் அடித்தேன். இந்துவை அக்குளில் கைகொடுத்து முற்றத்துக்கு இழுத்துப் போட்டேன். அவள் உதடு சாயம் பூசிய மாதிரி சிவந்திருந்தது. மூச்சு இருந்தது. இருந்ததா இல்லையா என்று தெரியாமல் என் கன்னத்தை அவள் மூக்கில் வைத்துக்கொண்டு கிடந்தேன். மாமாவை எதிர்வீட்டு அண்ணனும் பையன்களும் தூக்கி வந்தார்கள். நானாக அவரைத் தூக்க உள்ளே போகவில்லை. அது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இரண்டு பேருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். இன்று காலை இந்து கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். மாமா நேற்றே விழித்துவிட்டார். கட்டை, உரமான கட்டை.

என் பெண் பிழைத்துவிட்டாள். நான் வேறு எதையும் நினைக்கப் போவதில்லை.

ஜனவரி 12

இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீ மட்டும் அந்த நேரத்துக்கு வரலைன்னா ரெண்டு பேரும் போயிருப்பாங்க பரிமளா." ரோஸ்லின் அக்கா மட்டும், "நாலு விரல் வெக்கலயா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"நாந்தான் சாத்தச் சொன்னேன் ரோஸ்லினு. அவ பாவம், எத்தன வாட்டி தொறந்து வெப்பா? என்ற உசுரு அவ போட்ட பிச்சை."

இந்து அடுத்த கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

ஜனவரி 14

வீட்டுக்கு வந்துவிட்டோம். மாமாதான் சொன்னார், அன்று அறைக்குள் என்ன நடந்தது என்று. இந்து நாலைந்து நாளாகவே அவரிடம் பேசிக்கொண்டிருந்தாளாம். அன்று பள்ளியிலிருந்து வந்ததும் போய்க் காலைப் பிடித்து உட்கார்ந்து, சண்டை போடாமல், மாட்டு டாக்டர் என்ன செய்வார் என்று கதை மாதிரிச் சொல்லியிருக்கிறாள். அவருக்குச் சின்ன வயதில் வீட்டில் இருந்த எருமை கன்று போட முடியாமல் செத்த கதையை அவர் சொல்லியிருக்கிறார்.

"அப்பவே செரின்னுட்டேன். தங்கச்சிகிட்ட நானே பேசிக்கறேன், நீ நாமக்கல்லு போ அம்மிணின்னு சொன்னேன். சந்தோசத்துல சன்னலக்கூடப் பாக்கல, எனக்கொரு டம்ளர், அதுக்கொரு டம்ளர் ஊத்துச்சு. குடிச்சுட்டு இருக்கறப்பவே ரெண்டு பேருக்கும் கண்ணு சொக்கிருச்சு."

நான் சமையல்கட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தேன். இன்னொரு சொம்பு குடித்தேன்.

ஜனவரி 15

பொங்கல். உடைந்த சன்னலுக்கு அட்டை வைத்திருக்கிறது. இந்து தாத்தா அறையைப் பெருக்கினாள். ஸ்வெட்டர் கையை எடுத்து அலசி, முன்வாசல் கொடியில் நடுவாகக் காயப் போட்டிருந்தாள். அதை எடுத்து உள்ளே வைக்க எனக்குக் கை வரவில்லை. சாயங்காலம் வரைக்கும் ஆடிக்கொண்டிருந்தது.

ஜனவரி 19, ஞாயிறு

இந்து தன் படுக்கையைத் தாத்தா அறைக்கு மாற்றிக்கொண்டாள். இவர் வாங்கி வந்த ஹீட்டர்தான் இப்போது. சூப்பை அடுப்பில் சுட வைத்துக் கொண்டுபோகிறோம்.

இன்று சூப்பை நான் கொண்டுபோனேன். மாமா கை நீட்டினார். இந்து எழுந்து வந்து என் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கினாள். அலமாரியிலிருந்து இன்னொரு டம்ளர் எடுத்து, அதில் ஊற்றி என்னிடம் நீட்டினாள்.

"நீ குடிம்மா முதல்ல."

"எனக்கெதுக்கு? தாத்தாவுக்குக் கொடு."

"குடி."

மாமா சிரித்தார். "பாரு, அம்மா மேல எத்தன பாசம். குடி பரிமளா, நீயும்தான் எளச்சுப் போயிட்டே."

குடித்தேன். நாக்கு வெந்துவிட்டது. நான் கடைசி மிடறு விழுங்கும் வரை அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம்தான் தாத்தாவுக்கு ஊற்றினாள். அவள் குடிக்கவில்லை.

அவள் சின்னப் பிள்ளை. பயந்து போயிருக்கிறாள். சரியாகிவிடும்.

ஜனவரி 22

இன்றும் குடிக்கச் சொன்னாள். குடித்தேன்.

ஜனவரி 24

நிச்சயம் நடக்க இருந்த நாள். ஒன்றும் நடக்கவில்லை. மாமா சொன்ன சொல் தவறவில்லை. தங்கையிடம் பேசி முடித்துவிட்டார். அவர்களுக்குக் கோபம். புடவையைத் திருப்பி அனுப்பியாயிற்று. நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது.

ஜனவரி 30

பனி விட்டு வருகிறது. மத்தியானம் முற்றத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். பள்ளியில் மேற்படிப்புக்கு யார் யார் எங்கே போகிறார்கள் என்று மிஸ் எழுதித் தரச் சொன்னாராம். மாமா ரொம்ப உற்சாகமாக, "எழுது எழுது, நாமக்கல்லுனு பெருசா எழுது" என்றார்.

"நான் போகல தாத்தா. டிகிரி இங்க டவுன்லயே படிச்சுக்கறேன். தினம் வீட்டுக்கு வந்துரலாம்."

மாமா திகைத்துப் போனார். ஏன் சாமி, ஏன் கண்ணு என்று எத்தனையோ தரம் கேட்டார். இடம் கிடைக்காது என்றாள், விடுதிச் சாப்பாடு ஒத்துக்காது என்றாள். அவளுக்குப் பொய் சொல்ல வரவே வராது. மாமா மனசு ஒடிந்து உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

நான் அவள் பின்னாலேயே சமையல்கட்டுக்குப் போனேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. எட்டாவதிலிருந்து சொன்னாயே, தெரு நாய்க்கெல்லாம் கட்டுப் போட்டாயே, இதற்காக நான் என்ன பாடு பட்டேன் தெரியுமா என்று கேட்டேன். கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து இன்றுதான் நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"நான் போயிட்டா தாத்தாவ யாரு பாத்துக்கறது?" என்றாள்.

"ஏன், நான் இருக்கேனே."

"அதுக்குத்தாம்மா" என்றாள்.

பிறகு உரலை இழுத்துப் போட்டுக்கொண்டு சூப்புக்கு மிளகு இடிக்க உட்கார்ந்துவிட்டாள்.